சாஸ்தாவுக்கு ஒரு இழுப்பு

சோப்பு. அதுவும் துணிக்குப் போடுகிற சோப்பு இல்லை, குளிக்கிற சோப்பு, சந்தன வாசம் வேறு. சுயம்பு இன்ஜின் கொட்டகைக்குள் குத்தவைத்து உட்கார்ந்து, டீசல் பம்பின் தலையில் அப்பியிருந்த அந்தப் பிசினை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சோப்புக்கு அடியில் நூல், நூலுக்கு அடியில் பால் கவர், பால் கவருக்கு அடியில் மறுபடி சோப்பு. புண்ணுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி கட்டியிருக்கிறான். கட்டின ஆள் பத்தடி தள்ளி, கொட்டகையின் நிழல் முடிகிற இடத்தில், கவிழ்த்துப்போட்ட டீசல் டின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வேல்மயில். இந்த உப்பளத்தில் இன்ஜின் ஓட்டுகிறவன். சுயம்புவின் மனைவி தங்கபுஷ்பத்துக்குக் கூடப்பிறந்த தம்பி. சுயம்புவும் அவனும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அளத்துப் பெண்களுக்கு டீ போடுகிற பேராச்சி இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள். அவள் இருக்கும்வரை வேலைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

"பேராச்சி," என்றார் சுயம்பு, பம்பைப் பார்த்தபடி. "இன்ஜினுக்கு வேர்க்குரு வந்துட்டான்னு கேளு. சந்தன சோப்பால்லா போட்டிருக்கு."

பேராச்சி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள். "வேலண்ணே, இன்ஜினுக்கு வேர்க்குருவான்னு அண்ணாச்சி கேக்காரு."

"எனக்குக் காது கேக்கும்னு சொல்லு. துணி சோப்பு ரெண்டு மணி நேரத்துல கரைஞ்சிட்டு. வீட்டுல இருந்ததக் கொண்டாந்தேன். அதுல மூணு நாளு தண்ணி ஓடியிருக்குன்னும் சொல்லு."

"மூணு நாளு ஓடிச்சாம்."

"நாலாம் நாளு ஏன் என்னயக் கூப்பிட்டீகன்னு கேளு."

"ரெண்டு பேரும் சேந்து என் பாலைத் திரிய வச்சிராதிங்க," என்றாள் பேராச்சி. அதை யாரிடமும் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வர்மம் வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது வைக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிற சங்கதி இல்லை. கோபம் வேறு. கோபம் பச்சைமிளகாய், கடித்த இடத்தில் எரியும், ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போய்விடும். வர்மம் ஊறுகாய். மூடி வைத்தால் வருஷக்கணக்காகக் கிடக்கும், தொட்டுக்கொண்டால் அன்றைக்குச் சோறு இறங்கும். சுயம்பு வீட்டில் சாதம் குறைந்த நாள் உண்டு, இந்த ஊறுகாய் குறைந்த நாள் கிடையாது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் பாடம் நடக்கும்போது கிணற்றில் தண்ணீர் இறைத்துவர அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் அந்தப் பாடத்திலேயே கேள்வி கேட்டு அடித்தார். அன்றோடு சுயம்பு பள்ளிக்கூடத்தை விட்டார். வாத்தியார் செத்து முப்பது வருஷம் இருக்கும், இன்றைக்கும் அந்தத் தெருவில் அவர் வீடு வந்தால் சுயம்பு எதிர்ச்சாரிக்கு மாறித்தான் நடப்பார். டீக்கடை சித்திரைவேல் ஒருநாள் விரிசல் விட்ட கிளாஸில் டீ கொடுத்தான். அவன் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் என்றபோது முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், அப்புறமும் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. ரத்தம் வேறு, டீ வேறு. கண் டாக்டர் இருக்கிறான், இந்த வயசில் இவ்வளவு தெரிகிறதே பெரிது என்றவன். இதோ இந்த வெள்ளை வெயிலில், உப்புப் பாத்தி கண்ணாடி மாதிரி முகத்தில் அடிக்கையில், பம்பின் தலை நட்டைச் சுற்றி டீசல் முத்து முத்தாகக் கட்டுவது எனக்குத் தெரிகிறதே, உனக்குத் தெரியுமா டாக்டரே. இதெல்லாம் சின்னச் சின்ன ஜாடிகள். வேல்மயிலுடையது அண்டா. அந்த அண்டாவை முன்னிட்டுத்தான் சுயம்பு பம்பில் கை வைப்பதில்லை என்று இருந்தார். இன்ஜினில் வால்வு பார்ப்பார், பிஸ்டன் பார்ப்பார், ரிங்கு மாற்றுவார், பம்பு என்று வந்தால் கழற்றிச் சாக்கில் சுற்றி டவுனுக்கு அனுப்பிவிடுவார். நான் பம்பைக் கெடுத்தேன் என்று ஒருத்தன் சொன்னானல்லவா, இனி இந்தக் கடற்கரையில் எந்தப் பம்பும் என் கையால் திறக்காது. பத்தொன்பது வருஷம் அதைக் காப்பாற்றியாயிற்று. இன்றைக்கு விதி. டவுனில் பம்புக்கடைக்காரர் தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார், திங்கள்கிழமைதான் கடை. இன்று வியாழன். பாத்தியில் தண்ணீர் விரலளவுக்கு வந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் ஊற்றாவிட்டால் தரை வெடித்து உப்போடு சேறு ஏறிவிடும், நாற்பது நாள் பாடு வீண். முதலாளி போனில் கெஞ்சினார். முதலாளி கெஞ்சினால் அதுவும் ஒரு ருசிதான். சரி என்று சொல்லிவிட்டார்.

டீசல் டேங்கின் திருகை மூடினார். பம்பிலிருந்து இன்ஜின் தலைக்கு ஏறும் இரும்புக் குழாயின் நட்டைக் கழற்றினார். அது இளகினதும் உள்ளே அடைபட்டிருந்த டீசல் ஒரு பெருமூச்சு விட்டு விரலில் வழிந்தது. பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பம்புக்கு அடியில் தகடு இருக்கும், மெல்லிசாக, மூன்றோ நாலோ. மூன்று. அதை எண்ணி, டிபன் கேரியர் மூடியில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு போல்ட்டை வைத்தார். ஒரு தகடு குறைந்தால் டீசல் முந்திக்கொண்டு இறங்கும், ஒன்று கூடினால் பிந்தும், இன்ஜின் இருமும். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதுதான் அவருக்கே ஆச்சரியம். காலையில் புறப்படும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது, திறந்து பார்த்து இது என்ன அது என்ன என்று திகைத்து நின்றால் அந்த முதுகு திரும்பிப் பார்க்குமே என்று. ஒன்றும் இல்லை. தலை நட்டைக் கழற்றினதும் ஸ்பிரிங்கு, ஸ்பிரிங்குக்கு அடியில் குண்டூசித் தடிமனில் வால்வு, அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு மாதிரி செப்பு வாஷர். வாஷரை நகத்தால் தடவினார். பள்ளம் விழுந்திருந்தது. அவ்வளவுதான் வியாதி. இத்தனூண்டு பள்ளத்துக்கு நூல், பால் கவர், சந்தன சோப்பு. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, முதுகுக்குக் கேட்டிருக்குமா என்று ஒரு கண்ணால் பார்த்தார். வேல்மயிலின் தோளில் முடியெல்லாம் நரைத்துக் கிடந்தது. இவனுக்கு எப்போது நரைத்தது. பொண்ணு பார்க்கப் போனபோது கால்சட்டை போட்டுக்கொண்டு கதவிடுக்கில் நின்று முறைத்தவன். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், அத்தான் எனக்கு இன்ஜின் ஓட்டச் சொல்லித்தாங்க என்று வந்து நின்றவன். இப்போது பேத்திக்குக் காது குத்துகிறான், ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையைத் தங்கபுஷ்பம் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். காலையில் கஞ்சி ஊற்றும்போது, "போவமா?" என்றாள். இவர் வெங்காயத்தைக் கடித்தார். "நான் போவேன்," என்றாள். அவள் எப்போதும் போவாள். அதுதான் தங்கபுஷ்பம். பத்தொன்பது வருஷமாகத் தம்பி வீட்டுக்குப் போவாள், வருவாள், வரும்போது தூக்குவாளியில் ஏதாவது இருக்கும். சாளைப்புளிமுளம், நண்டு, ஒரு தரம் விளமீன். யார் வீட்டுக் குழம்பு என்று இவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஊறுகாய்க்கு ஊறுகாய், மீனுக்கு மீன். குறை என்ன இருக்கிறது.

வாஷரைக் கொண்டுபோய்ப் பேராச்சியின் அடுப்பில், தணலுக்கு நடுவில், இடுக்கியால் வைத்தார். புது வாஷருக்கு வழி இல்லை, பழசைத்தான் பழுக்கக் காய்ச்சி இளக்க வேண்டும். "டீல விழுந்துராம," என்றாள் அவள். செம்பு முதலில் கறுத்தது, அப்புறம் நீலம் ஓடி, அப்புறம் சாயங்கால வெயில் மாதிரி சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அந்த நாள் வந்தது. எப்போதும் அது வருகிற மாதிரியே வந்தது, அதே இடத்தில் ஆரம்பித்து. பழைய அளம், பெரிய இன்ஜின், காலை எட்டு மணி. இன்ஜின் திடீரென்று தறிகெட்டு ஓட ஆரம்பிக்கிறது. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கொட்டகைத் தகரம் அதிர்கிறது, சக்கரம் கண்ணுக்கே தெரியவில்லை. வேல்மயில் டீசலை மூடுகிறான், நிற்கவில்லை. நிறுத்துகிற லீவரைத் தூக்கப் பார்க்கிறான், கை எட்டவில்லை. கடைசியில் இடுப்பிலிருந்த சாரத்தை அவிழ்த்து, சுருட்டி, இன்ஜின் மூச்சு இழுக்கிற வாய்க்குள் திணிக்கிறான். இன்ஜின் சாரத்தை விழுங்கப் பார்த்து, மூச்சு முட்டி, செத்து நிற்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்த நாற்பது உப்பு வாருகிற பெண்கள் முன்னால் வேல்மயில் ஜட்டியோடு நிற்கிறான். ஜட்டியில் பூப்போட்டிருந்தது. இந்த இடத்தில் சுயம்பு எப்போதும் நிறுத்திச் சொல்வார். கல்யாண வீடுகளில், சாவு விழுந்த துஷ்டி வீட்டில்கூட ராத்திரி கண்முழிக்கிறபோது, பூப்போட்ட ஜட்டி என்று சொல்லிவிட்டு ஒரு வெற்றிலை போடுவார், சனம் சிரித்து முடிக்கிற வரைக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான், ஜட்டியோடு நின்றுகொண்டே, முதலாளி என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு. "அத்தான் நேத்து பம்ப ரொம்ப இறுக்கிட்டாக." நாற்பது பெண்கள் முன்னால். சாரம் கட்டிவிட்ட கை, சம்பந்தம் கலந்த வீடு, அதெல்லாம் இல்லை, அத்தான் இறுக்கிட்டாக. சுயம்பு அங்கேயே சொன்னார், நீ வேகத்தை அடக்குகிற கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி மாட்டியிருப்பாய் என்று. முதலாளி புதுப் பம்பும் வாங்கிப்போட்டார், ஸ்பிரிங்கும் மாற்றினார், இன்ஜின் ஒழுங்காக ஓடியது. பழைய பம்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஸ்பிரிங்குதான் என்று சுயம்பு சொன்னார், பம்புதான் என்று அவன் ஒரு தரத்துக்கு மேல் சொல்லவில்லை. ஒரு தரத்துக்கு மேல் சொல்லாதவன் பொய்க்காரன்தானே. சிவந்த வாஷரைத் தண்ணீரில் போட்டார். சுர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கண்ணாடித் துண்டின்மேல் பொடி தடவி வாஷரை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பள்ளம் மறைந்து முகம் பார்க்கிற மாதிரி ஆயிற்று. வால்வை வைத்து, வாஷரை வைத்து, ஸ்பிரிங்கை வைத்து, தலை நட்டைக் கையால் திருகி, பம்பைக் கொட்டகைத் தூணில் அறைந்திருந்த வைஸில் பிடித்தார். ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். போதும் என்று மணிக்கட்டு சொன்னது. அப்புறம் வழக்கம்போல ஸ்பேனர் வாலில் ஒரு முழக் குழாயைச் செருகி, கண்ணை மூடி, சாஸ்தாவே என்று ஒரு இழுப்பு. இது இவருடைய வழக்கம், ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அம்மா உலைக்கு அரிசி அளந்தபிறகு குலதெய்வமான சாஸ்தாவின் பேரில் இன்னொரு பிடி போடுவாள். முதல் ஸ்பேனர் வாங்கின நாளிலிருந்து இவர் எந்த நட்டை இறுக்கினாலும், இறுக்கி முடித்தபின் சாஸ்தாவுக்கு ஒரு இழுப்பு. சைக்கிளில், இன்ஜினில், அடிகுழாயில், ஏன், கோவில் மணி தொங்குகிற கொக்கியிலும். இதுவரை இவர் இறுக்கின எதுவும் கழன்று விழுந்ததில்லை. நட்டு ஒரு முனகல் முனகி நின்றது. நல்லது. பம்பை வைஸிலிருந்து எடுத்தார். பம்பின் வயிற்றுக்குக் குறுக்கே பல் வைத்த கம்பி ஒன்று ஓடும். அது இந்தப் பக்கம் போனால் டீசல் கூட இறங்கும், அந்தப் பக்கம் வந்தால் குறையும். இன்ஜின் வேகம் கூடினால் கவர்னர் அந்தக் கம்பியைப் பிடித்துப் பின்னால் தள்ளும், அதனால்தான் இன்ஜின் ஒரே சீராக ஓடுகிறது. மாட்டுவதற்கு முன்னால் அதைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பது முறை. தள்ளினார். போயிற்று. திருப்பித் தள்ளினார். வரவில்லை.

தூசியாக இருக்கும். டீசலில் முக்கி எடுத்தார். தள்ளினார், போயிற்று, வரவில்லை. விரலில் வழுவழுப்பு இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு தள்ளினார். வரவில்லை. வைஸில் வைத்து நட்டைக் கொஞ்சமாக இளக்கினார், வாளைமீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது கம்பி. சரிதான், தூசி போய்விட்டது என்று மறுபடி இறுக்கினார், மணிக்கட்டு போதும் என்கிறவரை. கம்பி போயிற்று, வந்தது. குழாயைச் செருகினார். சாஸ்தாவே. கம்பி போயிற்று. வரவில்லை. மூன்று தரம் இளக்கி மூன்று தரம் இறுக்கினார், மூன்று தரமும் சாஸ்தாவுக்கு முன்னால் வந்தது, சாஸ்தாவுக்குப் பின்னால் வரவில்லை. அந்தக் கடைசி இழுப்பில் உள்ளே ஏதோ நெளிகிறது, மயிரிழை அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெளிந்து கம்பியைக் கவ்விக்கொள்கிறது. போன கம்பி திரும்ப வராது. கவர்னர் தள்ளும், வராது. டீசல் இறங்கிக்கொண்டே இருக்கும். டேங்கை மூடினாலும் குழாயில் இருக்கிற வரைக்கும் இறங்கும். சத்தம் ஏறும். தகரம் அதிரும். சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கம்பியில் வைத்தபடி சுயம்பு நின்றார். அன்றைக்குப் பம்பை அவர் கழற்றவே இல்லை, இன்ஜினிலேயே வைத்துத்தான் இறுக்கினார், சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரத்தில். அதனால் இந்தக் கம்பியை அவர் தள்ளிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கதையை ஜட்டியில் ஆரம்பித்து ஜட்டியில் முடித்தாரே, அது ஒரு நாள் முன்னால், ஒரு முழக் குழாயில் அல்லவா ஆரம்பிக்கிறது. சக்கரம் உடைந்திருந்தால். அந்த வேகத்தில் உடைந்து தெறித்தால் கொட்டகை நிற்காது, ஆள் எங்கே நிற்கிறான். சாரத்தை அவிழ்க்கத் தோன்றியது அவனுக்கு, வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். ஓடாமல் நின்றவனை. பூப்போட்ட ஜட்டி என்று சொல்லி வெற்றிலை போட்டதும், சனம் சிரித்ததும், பிள்ளைகள்கூடத் தெருவில் சாரம் வேலு, சாரம் வேலு என்று கூப்பிட்டதும், அதைக் கேட்டுக்கொண்டே அவன் சைக்கிளை மிதித்துப் போனதும். கட்டைவிரல் கம்பியை மறுபடி தள்ளிப் பார்த்தது. வராது, தெரியும், ஆனாலும் தள்ளியது, விழுந்த பல் இருந்த இடத்தை நாக்கு தேடிப்போகிற மாதிரி.

இதை யாரும் பார்க்கவில்லை. இதுதான் அடுத்து வந்த நினைப்பு, அது வந்ததும் உடம்பே கொஞ்சம் இலேசாயிற்று. பேராச்சி டீக்கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விட்டாள். அவன் முதுகு அவன் முதுகாகவே இருக்கிறது. நட்டை இளக்கி, சாஸ்தாவைக் கூப்பிடாமல் இறுக்கி, மாட்டிவிட்டால் இன்ஜின் ஓடும், தண்ணீர் பாயும், ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் தனியாகப் போய்விட்டு வாளியோடு வருவாள், அண்டா அண்டாவாகவே இருக்கும். ஆனால் ஊறுகாயைத் திறந்தால் இனிமேல் வாசம் வராதே. அதுதான் சங்கடம். வர்மம் என்றால் அதற்கு ஒரு நேர்மை வேண்டும், அடித்தவன்மேல்தான் வைக்க வேண்டும். வாத்தியார் அடித்தார், கிளாஸில் விரிசல் இருந்தது, டாக்டர் சொன்னான். இவன் என்ன செய்தான், உண்மையைச் சொன்னான். அப்புறம் திடீரென்று, எங்கிருந்தோ, புதிதாக ஒரு கோபம் மூண்டது, அது மூண்டதும் சுயம்புவுக்கு மூச்சு சீராக வந்தது. சரியாக இருந்தவன் பத்தொன்பது வருஷம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தான்? ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறதா? சண்டைக்கு வந்திருக்க வேண்டாமா, சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா, அந்தப் பழைய பம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து, தள்ளிப் பாரும் என்று நின்றிருக்க வேண்டாமா? இதை அவனிடம் கேட்காமல் விடக்கூடாது. ஆனால் கேட்க வேண்டுமானால் முதலில் பம்பைக் காட்ட வேண்டும். சுயம்பு நட்டை இளக்கவில்லை. கவ்விய கம்பியோடு அப்படியே வைஸிலிருந்து எடுத்துக்கொண்டு, நிழல் முடிகிற இடத்துக்கு நடந்தார். பத்தடி. கால் உப்புத்தரையில் நொறுங்குகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும், முதுகு கொஞ்சம் விறைத்தது, திரும்பவில்லை. டின்னைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்று, பம்பை அவன் மடியில் வைத்தார்.

"தள்ளு," என்றார்.

வேல்மயில் பம்பைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், பேராச்சி எங்கே என்று பார்த்தான். அப்புறம் கட்டைவிரலால் தள்ளினான். கம்பி போயிற்று. திருப்பித் தள்ளினான். நகம் வெளுக்கிற வரைக்கும் தள்ளினான்.

"வா," என்று சுயம்பு பம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் திரும்பினார். பின்னால் வருகிற காலடி கேட்டது. வைஸில் வைத்து இளக்கினார், மணிக்கட்டு போதும் என்கிறவரை இறுக்கினார், கை தானாகக் குழாயை நோக்கிப் போனதைத் திருப்பி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இப்பத் தள்ளு."

கம்பி போயிற்று, வந்தது. வேல்மயில் அதை விடவில்லை. போக, வர, போக, வர, ஒரு பிள்ளை பொம்மையை வைத்து விளையாடுகிற மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் இருந்தது என்ன என்று சுயம்புவால் பார்க்க முடியவில்லை, கண் வைஸைவிட்டு ஏற மறுத்தது.

"அன்னைக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்," என்றார், வைஸிடம் சொல்வதுபோல.

"எவ்வளவு இழுத்தீக?"

"எப்பவும்போலத்தான். இறுக்கிட்டு, கூட ஒரு இழுப்பு."

"அது யாருக்கு?"

"சாஸ்தாவுக்கு."

வேல்மயில் கம்பியை இன்னொரு தரம் தள்ளினான். "அப்ப என் சாரத்த உருவுனது சாஸ்தாவாக்கும்."

வந்த சிரிப்பைச் சுயம்பு இருமித் தீர்த்தார். "ஒருதரம் சொல்லிட்டு விட்டுட்டியே வே. மறுதரம் சொல்லப்படாதா?"

"நீங்க கேக்குற ஆளா?"

"இல்ல," என்றார் சுயம்பு. அது சரியான பதில்தான். அது சரியான பதிலாக இருந்ததும் அவருக்கு ஒருவகையில் பெருமையாகவே இருந்தது.

மூன்று தகட்டையும் எண்ணிப் போட்டு, கம்பியின் நுனியைக் கவர்னர் பிடியில் கோத்து, பம்பை உட்காரவைத்து போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஒரு போல்ட்டு இவர், எதிர் போல்ட்டு அவன். டேங்கைத் திறந்து காற்றை எடுத்தார். முதலில் நுரையாக வந்தது, அப்புறம் குமிழி குமிழியாக, அப்புறம் தேன் மாதிரி உடையாமல் வந்தது. ஹேண்டிலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் தலைக்குள் டீசல் பீச்சுகிற நாசில் கர்க் என்று ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம். டவுன் பம்புக்கடைக்காரன் பத்தொன்பது வருஷமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். தலை நட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார், காய்ந்து கிடந்தது, ஒரு முத்து இல்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற ஒரு ஆள் வேண்டும், வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட ஒரு ஆள் வேண்டும். இத்தனை நாளும் பேராச்சிதான் தட்டிவிடுவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதைப் பொத்தமுடியாத வருத்தத்தோடு. வேல்மயில் இடது கையை லீவரில் வைத்தான். சுயம்பு சுற்றினார், ஒன்று, இரண்டு, அறுபத்தேழு வயசு, ஐந்து, ஆறு, மூச்சு வாங்குகிறது, "போடு மாப்ள," என்றார். அந்த வார்த்தை ஹேண்டிலோடு சேர்ந்து சுற்றி வந்த வேகத்தில் வெளியே விழுந்துவிட்டது, இனி எடுக்க முடியாது. லீவர் விழுந்தது. டப் என்றது இன்ஜின், டப் டப் என்றது, கரும்புகை ஒரு பொட்டலம் தகரத்தில் மோதிப் பிரிந்தது, சத்தம் ஏற ஆரம்பித்தது. அப்போதுதான் பார்த்தார். வேல்மயிலின் வலது கை இடுப்பில், சாரத்து முடிச்சின்மேல் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தான். கண் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, தாடை இறுகியிருந்தது. ஒவ்வொரு தரமும் இப்படித்தானா. இந்தப் பத்தொன்பது வருஷமும், தினமும் காலையில் இன்ஜினைப் போடும்போதெல்லாம், ஒரு கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டா. தினமும் இதே கொட்டகையைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லையே, பார்ப்பதில்லை என்று சபதம் போட்டவன் எப்படிப் பார்ப்பான். சத்தம் ஏறியது, இன்னும் கொஞ்சம் ஏறியது, சுயம்புவுக்கே உள்ளங்கால் கூசியது, அப்புறம் கம்பி பின்னால் நகர்வதைக் கண்ணால் கண்டார், சத்தம் இறங்கி ஒரு மட்டத்துக்கு வந்து நின்று, அப்படியே ஓடியது. வெளியே குழாய் வாயில் உப்புத்தண்ணீர் ஒரு குமுறல் குமுறி, வாய்க்காலில் விழுந்து, வெயிலை உடைத்துக்கொண்டு பாத்தியைப் பார்க்க ஓடியது.

முடிச்சைப் பிடித்த கை இன்னும் எடுபடவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் சுயம்பு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், சத்தத்துக்கு மேல் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"

"ஒம்பதரைக்கு," என்று அவனும் கத்தினான். "நீங்க முன்னாலயே வந்துருங்க அத்தான். அக்காவத் தனியா விட்டுட்டு வராதிங்க. ஸ்பேனரும் கொண்டாராதிங்க, பிள்ளைக்குக் காதுதான் குத்தணும்."

கொட்டகைக்குள் இரண்டு ஆண்கள் கத்துவதை வரப்பிலிருந்து கண்ட பேராச்சி, டீக்கேன் தொடையில் இடிக்க இடிக்க ஓடிவந்தாள். வந்து, இவரைப் பார்த்து, அவனைப் பார்த்து, மூச்சு வாங்கினாள். "என்ன ஆச்சு? நான் யார்ட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றான் வேல்மயில். "டீ இருந்தாக் குடு."

கேனின் அடியில் இரண்டு கிளாஸுக்குத்தான் இருந்தது. அவள் ஊற்றி நீட்டினாள். ஒன்றுக்கு இடது கையை நீட்டினான், இன்னொன்றுக்கு ஒரு நிமிஷம் தயங்கி, ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினை ஒரு தரம் பார்த்துவிட்டு, முடிச்சிலிருந்து வலது கையை எடுத்தான். இரண்டு கையிலும் இரண்டு டீயோடு, சிந்திவிடாமல், அத்தானை நோக்கி நடந்து வந்தான்.